செடியில் கஞ்சிப் பொட்டு

ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு நிறம் உண்டென்றால் அது கஞ்சியின் நிறம்தான். வீடுகளுக்குப் பின்னால் பாவடி. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை அங்கே நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியில் தோய்த்து, இருபுறமும் ஆள் நின்று நார்க்கட்டையால் தேய்த்துக்கொண்டே போவோம். கஞ்சி ஏறினால்தான் நூலுக்குத் திடம். இல்லாவிட்டால் தறியில் ஏற்றிய கையோடு அறுந்து அறுந்து உயிரை வாங்கும். கட்டையை உதறும்போது கஞ்சி தெறிக்கும். வேலியில், சுவரில், படுத்திருக்கிற மாட்டின் முதுகில், எங்கள் மீசையில் என்று பார்த்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்தாற்போல் காய்ந்து நிற்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் எங்களிடம் யாரும் தொழில் என்னவென்று கேட்கமாட்டார்கள். பார்த்தாலே தெரியும்.

அந்தப் பாவடியை ஒட்டிய வேலி ஓரத்தில்தான் என் மனைவி ரோஜாச் செடி வைத்தாள். அவள் திருச்செங்கோட்டுக்காரி. கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டிலிருந்து பன்னீர் ரோஜாக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். சாயம் காய்ச்சி விரிசல் விட்டுப்போன மண் தாழிகள் எங்கள் வீட்டில் நிறையக் கிடந்தன. அவற்றில் எருவும் செம்மண்ணும் போட்டு நட்டாள். நான் சிரித்தேன். தறிக்காரன் வீட்டில் ரோஜா எதற்கு, வயிற்றுக்கா வாய்க்கா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் ஜெயிப்பது அவள் வழக்கம்.

குச்சிகள் தழைத்தன. அதோடு பூச்சியும் வந்தது. ரோஜாவைப்போல் வாய்க்கு ருசியான செடி உலகத்தில் வேறு கிடையாது என்று பூச்சிகளுக்குள் ஒரு பேச்சு இருக்கும்போலும். துளிரிலும் மொட்டுக் காம்பிலும் பச்சைப் பேன் அப்பிக்கொள்ளும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, விடியற்காலை ஈரத்தில் அதன்மேல் தூவுவாள். மொட்டில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொட்டைக் கிள்ளி எடுத்துக் கோழிக்குப் போடுவாள். இலையை வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு பறக்கும் ஒருவகைத் தேனீயை மட்டும் ஒன்றும் செய்யமாட்டாள். “கத்தரிச்சுட்டுப் போவுட்டுமுங்க. அதுவும் நம்மாட்டத் துணிமணிக்காரிதான்” என்பாள். காலையில் வாசல் தெளித்த கையோடு தாழி தாழியாக உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்தப் பார்வை. “எந்தலையில பேன் பாத்து மாசமாவுது. செடிக்குன்னாத் தெனமும் பாக்கறா” என்று என் அம்மா சலித்துக்கொண்டு சொல்வாள்.

இவ்வளவு பார்க்கிற கண்ணுக்கும் ஒன்று தப்பியது. இலை கிளையோடு சேரும் இடுக்கில் வெள்ளையாகச் சிறு சிறு பொட்டு ஒட்டியிருக்கும். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். தெருவில் எங்கே பார்த்தாலும் இருக்கிற கஞ்சிப் பொட்டு செடியில் மட்டும் இருக்காதா? மழை பெய்தால் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு அம்மா மிஞ்சின கஞ்சித் தண்ணீரை வேருக்கு ஊற்றுவாள். “நெசவுக்காரன் ஊட்டுச் செடியும் கஞ்சி குடிச்சாத்தான் தெம்பா நிக்கும்” என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வாள். எறும்பு ஏறியது. கஞ்சி இருந்தால் எறும்பு ஏறாமல் இருக்குமா என்றோம்.

இருமலும் அந்த மாதிரிதான். காற்றில் பஞ்சுத் தூசி இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. தறியில் நான் இருமுவேன், நூல் சுற்றும் ராட்டையடியில் அவள் இருமுவாள், அடுத்த வீட்டில் அவர்கள் இருமுவார்கள். இருமல் இல்லாதவன் வேலைக்குப் போகாதவன் என்று எங்களுக்குள் கேலி உண்டு. அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. உடம்பும் இளைத்தது. பிள்ளை பெற்று, பால் கொடுத்து, ராட்டையும் சுற்றுகிற பெண் இளைக்காமல் என்ன செய்வாள் என்றாள் அம்மா. எங்களுக்கு ஒரே மகள். அப்போது மழலை பேசிக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிற வயது.

யுத்தம் எங்கேயோ நடந்தது. அடி எங்கள் தெருவில் விழுந்தது. நூல் வருவது குறைந்து, பிறகு அரசாங்கக் கண்ட்ரோல் என்றார்கள், பிறகு கண்ட்ரோலிலும் இல்லை என்றார்கள். இருந்த நூல் யார் யார் கிடங்குக்கோ போய் இருட்டில் விலை போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என் தறிக்குழியில் பூனை குட்டி போட்டது. தறி மிதித்துப் பழகினவனுக்குச் சும்மா உட்கார்ந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடும். நான் மலையடிவாரத்துக்கு விறகு வெட்டப் போனேன். கிடைத்த கூலியில் சோளமும் கம்பும் வாங்கிக்கொண்டு வந்தேன். கோபம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. யார்மேல் என்று தெரியாததால் வீட்டிலிருப்பவர்கள்மேல் காட்டினேன்.

அப்படி ஒரு நாள் வெட்டவெயிலில் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்புறத்திலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, சித்தெ இங்க வாங்க.”

“என்ன புள்ள?”

“நம்ம தெருவுல கடேசியா எப்பங்க கஞ்சி காச்சுனாங்க?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “குடிக்கறதுக்கே கஞ்சியக் காணோம். இதுல பாவுக்கு எவன் காச்சறான்?”

“அதானுங்க நானும் கேக்கறேன். அப்பறம் இது எங்கிருந்து வந்துச்சு?”

ஒரு கிளையை வளைத்துக் காட்டினாள். இடுக்கெல்லாம் வெள்ளை. முன்னைவிட அதிகம். நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். “கஞ்சின்னா உதுரோணுங்க. இது நசுங்குது பாருங்க.” அவள் நகத்தில் மஞ்சளாக ஈரம். இன்னொன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து அது நகர்ந்தது. மாவுக்குள் புதைந்து கிடந்த ஒரு சின்னப் பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு எத்தனை காலமாக உட்கார்ந்திருந்ததோ. அந்த எறும்புகளும் கஞ்சிக்கு வந்தவை அல்ல, அந்தப் பூச்சியிடம் இருக்கிற இனிப்புக்கு வந்தவை. மொட்டுகள் விரியாமல் கறுத்துப்போனதற்கு வெயிலையும் காலத்தையும் வைதுகொண்டிருந்தோம். பாவடியில் பாவு நீட்டிய காலம்வரை அது எங்கள் கண்ணெதிரே ஒளிந்திருந்தது. பாவு நின்றதும் மறைய இடமில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து அவள் சண்டைக்கு இறங்கினாள். அம்மா வெற்றிலையோடு போடுகிற புகையிலையில் ஒரு பிடி எடுத்து ராத்திரி ஊறவைத்துக் கொதிக்கவிட்டாள். அதில் துவைக்கிற சோப்பைச் சீவிப் போட்டுக் கரைத்தாள். கந்தல் துணியை அதில் முக்கி ஒவ்வோர் இடுக்காகத் துடைத்தாள். துணி நுழையாத இடத்துக்கு விளக்குமாற்றுக் குச்சி. ரொம்பப் பிடித்துப்போன கிளைகளை வெட்டி அடுப்பில் வைத்தாள். அம்மா குதித்தாள். “பூச்சிக்குப் பொகையில வெக்கறா. எனக்கு வாயில போட ஒரு துணுக்கு இல்ல.” சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். வேலையில்லாதவனுக்குப் பழமொழிக்கா பஞ்சம்.

அவள் துடைத்ததும் போயிற்று. சில நாளில் திரும்ப வந்தது. நல்ல செடிகளிலும் வந்தது. அவள் தாழிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, “தள்ளி வெக்கோணுங்க. ஒண்ணுல இருந்தா பக்கத்துல நிக்கறதுக்கும் ஏறிப்போயிரும்” என்றாள். மண்ணோடு தாழியை நகர்த்துவது லேசுப்பட்ட வேலை அல்ல. நான் முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ள, பிடித்த செடிகளை எல்லாம் முற்றத்துக் கோடியில் சும்மா கிடந்த சாயக் கொட்டாய்ப் பக்கம் கொண்டுபோனோம். கடைசித் தாழியை வைத்ததும் அவளுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. தாழி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இருமல் அடங்கியதும் அவள் எழுந்திருக்கவில்லை. தெருப்பக்கம் காதைக் கொடுத்தாள்.

“ஏனுங்க, நூல் நின்னு இத்தன நாளாச்சு. தெருவுல இப்ப ஒருத்தரும் இருமறதில்லீங்களே.”

நானும் கேட்டேன். எங்கோ உலக்கைச் சத்தம், ஒரு நாய், யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல். இருமல் இல்லை. எனக்கே எப்போது நின்றது என்று தெரியவில்லை. “சளியா இருக்கும் புள்ள. கசாயம் வெச்சுக் குடிச்சாப் போயிரும்” என்றேன்.

“கஞ்சின்னுதானுங்க இதையும் நெனச்சோம்” என்றாள்.

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. செடியைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

கரியில் ஓடுகிற பஸ்ஸில் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். மேட்டில் பஸ் ஏறாமல் நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளினோம், அவளைத் தவிர. டாக்டர் மார்பிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. காசநோய்க்கு அந்த நாளில் மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பால், முட்டை, நல்ல காற்று, ஓய்வு என்றார். யாருக்குச் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பக்கத்தில் விடாதே, மூச்சு படக்கூடாது, தட்டும் டம்ளரும் தனியாக வை என்றார்.

வெளியே வந்து, டாக்டர் சொன்னதை எப்படிச் சொல்வதென்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள்தான் சொன்னாள். தன் வட்டிலைத் தனியாக வைத்து எத்தனையோ நாளாயிற்றாம். குழந்தையை என் அம்மாவிடம் படுக்கப்போட்டதும் அதற்காகத்தானாம். தாழிகளை நகர்த்துவதற்கு முன்னாலேயே தன் பாயை நகர்த்தியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைக் கவனிக்கவில்லை.

வீடு திரும்பியதும் சாயக் கொட்டாயைப் பெருக்கி அங்கே கட்டில் போட்டுக்கொண்டாள். நான்கு பக்கமும் திறந்த கூரை, நல்ல காற்று. பூச்சி பிடித்த செடிகளும் அங்கேதான் இருந்தன. உட்கார முடிந்த நாளில் அவற்றைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அம்மா இப்போது புகையிலைக்குக் குதிப்பதில்லை. தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, கூரைக்கு வெளியே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

குழந்தைதான் அடங்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தாளென்றால் யார் கையையும் உதறிக்கொண்டு ஓடுவாள். “அங்கயே நில்லு சாமி, அக்கட்ட நில்லு” என்று அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சுவாள். அது விளையாட்டு என்று குழந்தை நினைத்துக்கொண்டது. இன்னும் வேகமாக ஓடும். ஒருமுறை கொட்டாய்க்குள்ளேயே போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அவள் எழுந்து மறுபக்கம் திரும்பி, தலையோடு போர்த்திக்கொண்டு, யாராவது வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினாள். நான் போய் எடுத்தேன். குழந்தை வீறிட்டது. போர்வைக்குள் அவளும் அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். குழந்தை தாழிப் பக்கம் தலைகாட்டினால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அதட்டுவாள். “செடியத் தொடாத. போ.” கையில் ஒரு குச்சி வைத்துக் கட்டிலைத் தட்டுவாள். ஒருநாள் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அது குழந்தைக்கு வெகுதூரம் முன்னாலேயே விழுந்து உடைந்தது. அடிப்பதற்கு வீசியதல்ல. ஆனால் குழந்தை நின்ற இடத்திலேயே நின்று, உதட்டைப் பிதுக்கி, சத்தம் வராமல் அழுதது. பிறகு திரும்பி நடந்து போயிற்று. ஓடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “பச்சப் புள்ளகிட்ட இப்பிடியா நடந்துக்குவ?” என்று கத்திவிட்டேன்.

“பயந்தாத்தானுங்க கிட்ட வரமாட்டா. பாசத்தச் சொல்லி அவளுக்கு வெளங்க வெக்க முடியுமுங்களா இந்த வயசுல?” இருமிவிட்டு மறுபடி சொன்னாள். “அவ என்னய வெறுத்தாலும் போவுதுங்க. இருந்தாப் போதும்.”

குழந்தை அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை. முற்றத்தில் தன்பாட்டுக்கு விளையாடும். அவள் கொட்டாயிலிருந்து, செடிகளுக்கு நடுவே, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் சோறு கொண்டுபோனால் தன்னைப் பற்றிப் பேச்சு கிடையாது. என்ன சாப்பிட்டாள், இருமினாளா, உடம்பு சுடுகிறதா. “நல்லாப் பாத்தீங்களா? நெஞ்சுல காத வெச்சுக் கேட்டீங்களா?” கேட்டேன் என்பேன். தினமும் குழந்தை தூங்கியதும் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன்தான். அதை மறுநாள் காலையில் அவளிடம் போய்ச் சொல்வதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை. சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவுக்காகவே நான் விறகுக்குப் போகாமல் காத்திருந்த காலைகள் உண்டு.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். மழையில் அந்தப் பூச்சியும் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு செடியில் மொட்டு முழுசாக விரிந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. வெட்டிப்போட அரிவாளை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ கை பட்டதுடா” என்றாள். வைத்துவிட்டேன். பாயையும் துணிகளையும் கொளுத்தினோம். கட்டிலையும் கொளுத்தினோம். அவளுடையது என்று எடுத்துவைக்க ஒன்றும் மிஞ்சவில்லை, செடிகளைத் தவிர.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் நூல் கிடைக்க ஆரம்பித்தது. தறி ஓடியது. என்னை இன்னொரு கல்யாணத்துக்கு வற்புறுத்தி அம்மா அலுத்துப்போனாள். மகள் வளர்ந்தாள். நோய் நொடி அண்டவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தால் வாசலிலேயே அவள் மூச்சு நிதானமாக இருக்கும். அதைக் கவனிக்கிற பழக்கம் மட்டும் எனக்கு விடவே இல்லை.

மாரியம்மன் நோன்பு வந்தது. அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பின்னால் போய் ஒரு ரோஜா பறித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் போகவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நானே போய், புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாமுங்கப்பா. அது அம்மாளோட செடி. நாந்தொட்டா அவங்களுக்குப் புடிக்காது.”

“யார் சொன்னது?”

“எனக்கே தெரியுமுங்கப்பா. அவங்களுக்கு என்னயக் கண்டாலே ஆவாது. மண்ணாங்கட்டில அடிச்சாங்க.”

அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோயைச் சொன்னேன், கட்டியை ஏன் வீசினாள் என்று சொன்னேன், காலையில் அவள் கேட்கிற கேள்விகளைச் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

“என்னய ஒருக்காவாச்சும் தூக்கியிருக்காங்களாப்பா?”

“தூக்காமயா? நீ நட பழகற வரைக்கும் இடுப்ப உட்டு எறக்குனதே இல்ல சாமி. சோறாக்கறப்பக் கூட நீ இடுப்புலதான்” என்றேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கூடப் பார்த்தாள்.

“எனக்கு அது நெனப்பில்லீங்களேப்பா” என்றாள்.